கீரையிலும் கொழுப்பு உண்டு

கீரை ஆயும்போது காம்பு ஒடியும் இடத்திலிருந்து எழும் பச்சை வாடையை நாம் எல்லோரும் அறிவோம். புல் வெட்டிய மைதானத்திலும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும் வருவது ஏறத்தாழ அதே வாடைதான். கிழியாத இலையை முகர்ந்தால் அது அநேகமாகத் தெரிவதில்லை. இலை கிழிந்த சில நொடிகளுக்குள் அது புதிதாக உண்டாகிறது. இலையின் செல் சவ்வுகளில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலத்தை இலையின் நொதிகளே துண்டாக்க, ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலப்பதால் எழும் வாடை அது. அந்தக் கொழுப்பு அமிலத்தின் பெயர் ஆல்பா லினோலெனிக் அமிலம். மனித உடலால் அதைத் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

உடலால் செய்துகொள்ளவும் முடியாமல், இல்லாமல் வாழவும் முடியாமல் நாம் உணவை நம்பியிருக்கும் கொழுப்பு அமிலங்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்னது; மற்றொன்று லினோலெயிக் அமிலம். இவ்விரண்டையும் சேர்த்தே இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்கிறோம். அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் என்று எழுதுவோரும் உண்டு. இரு பெயர்களும் ஆளிச் செடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை என்பதால் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருந்து, முதன்முதலில் படிப்பவரைத் தவறாமல் குழப்புகின்றன. லினோலெயிக் அமிலம் ஒமேகா-6 குடும்பத்தின் தாய் அமிலம், ஆல்பா லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 குடும்பத்தின் தாய் அமிலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரைக்குப் போதும். கடைகளில் சிறு புட்டிகளில் எசென்ஷியல் ஆயில் என்று விற்கப்படும் யூக்கலிப்டஸ், லாவெண்டர் எண்ணெய்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. அவை வாசனைச் சாறுகள், பெரும்பாலும் அவற்றில் கொழுப்பே இருப்பதில்லை.

நம்மால் போட முடியாத பிணைப்பு

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களை வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அதன் ஒரு நுனியில் அமிலத் தொகுதியும் மறு நுனியில் மெத்தில் தொகுதியும் இருக்கும். நம் உணவில் மிகுதியாக வருபவை 16 அல்லது 18 கார்பன்கள் கொண்ட சங்கிலிகள். அடுத்தடுத்த கார்பன்கள் எல்லாம் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு அமிலம். எங்கேனும் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது நிறைவுறாதது. இயற்கையில் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி சற்று மடங்கும். நேரான மூங்கில் கழிகள் நெருங்கி அடுக்குவதுபோல் நிறைவுற்ற சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகுகின்றன. மடங்கிய சங்கிலிகளோ முள்விறகுக் கட்டுபோல் இடைவெளி விட்டே கிடக்கின்றன. இந்த வேறுபாடு உருகுநிலையில் தெளிவாகத் தெரியும். 18 கார்பன் கொண்டு இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. ஒரு பிணைப்பு கொண்ட ஒலெயிக் அமிலத்துக்குச் சுமார் 13 டிகிரி போதும். இரண்டு பிணைப்புகள் கொண்ட லினோலெயிக் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியிலும், மூன்று கொண்ட ஆல்பா லினோலெனிக் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியிலும் உருகுகின்றன.

இனி, இவை ஏன் நமக்கு எட்டாதவை என்பதைப் பார்க்கலாம். நாம் உண்ணும் சோற்றிலிருந்தே உடல் கொழுப்பு அமிலங்களைச் செய்துகொள்ளும். 18 கார்பன் சங்கிலியைக் கட்டி, அமில நுனியிலிருந்து எண்ணினால் வரும் 9-ஆம் கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் போட்டு ஒலெயிக் அமிலமாக்கவும் நம் நொதிகளுக்குத் தெரியும். அதற்கு அப்பால், மெத்தில் நுனியை நோக்கி இன்னொரு பிணைப்பைப் போடும் நொதி மனிதர் உட்பட எந்தப் பாலூட்டியிடமும் இல்லை. தாவரங்களிடம் இருக்கிறது. ஒலெயிக் அமிலத்தின் 12-ஆம் கார்பனில் ஒரு நொதி இரண்டாவது பிணைப்பைப் போட்டால் லினோலெயிக் அமிலம். 15-ஆம் கார்பனில் வேறொரு நொதி மூன்றாவதைப் போட்டால் ஆல்பா லினோலெனிக் அமிலம். ஒமேகா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்து, அதாவது சங்கிலியின் கடைசி நுனி. அந்த நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 18-இல் 12 போக 6, 18-இல் 15 போக 3. கடைப் பொட்டலங்களில் அச்சிடப்படும் ஒமேகா-6, ஒமேகா-3 என்ற எண்களின் பொருள் இந்தக் கழித்தல் கணக்குதான்.

புழுக்களில் சில இனங்களுக்கு இந்த நொதிகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே விலங்குகளால் ஒருபோதும் முடியாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியாகாது. ஆனால் நம் கிளையில் அது இல்லை.

செடிக்கு இது எதற்கு

மனிதருக்கு நன்மை செய்வதற்காக எந்தச் செடியும் கொழுப்பு அமிலம் தயாரிப்பதில்லை. இலையின் பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் சவ்வுகளில்தான் சூரிய ஒளி வேதி ஆற்றலாக மாறுகிறது. அந்தச் சவ்வுகளில் புரதங்கள் தடையின்றி நகர வேண்டுமானால் சவ்வு குளிரிலும் இறுகாமல் இளகியே இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழும் உறையாத ஆல்பா லினோலெனிக் அமிலம் அங்கே குவிந்திருப்பது இதனால்தான். பல இலைகளில் மொத்தக் கொழுப்பு அமிலத்தில் பாதிக்கும் மேல் இது ஒன்றே. நூறு கிராம் கீரையில் மொத்தக் கொழுப்பு பெரும்பாலும் ஒரு கிராமை எட்டாது என்பதால் கீரையைக் கொழுப்புள்ள உணவாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அந்தச் சிறு கொழுப்பில் பாதி, பல உணவுகளில் எளிதில் கிடைக்காத ஒமேகா-3.

இரண்டாவது பயன், தற்காப்பு. புழு இலையைக் கடித்தவுடன் சவ்விலிருந்து ஆல்பா லினோலெனிக் அமிலம் விடுபட, அதைக்கொண்டு செடி ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோனைச் செய்து, பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களையும் கசப்புப் பொருள்களையும் சுரக்கத் தொடங்குகிறது. இந்த ஹார்மோனின் மெத்தில் வடிவம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1962-இல், பிச்சிப் பூவின் எண்ணெயிலிருந்து. ஜாஸ்மின் என்ற சொல் பெயரில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1990-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரவுஸின் ஆய்வுக் குழு, ஆல்பா லினோலெனிக் அமிலமே செய்ய முடியாத அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு சிறு செடி) செடிகளை உருவாக்கிப் பார்த்தது. சாதாரணச் செடிகளுக்குப் பெரிய தீங்கு செய்யாத ஒரு சிறு ஈயின் புழுக்கள், இந்தச் செடிகளில் ஐந்தில் நான்கை அழித்துவிட்டன. தப்பியவற்றிலும் மகரந்தம் உரிய முறையில் முதிராமையால் விதை பிடிக்கவில்லை. ஜாஸ்மோனிக் அமிலத்தை வெளியிலிருந்து பூசியபோது விதை பிடித்தது. நமக்கு இன்றியமையாத இந்த அமிலம், செடி வம்சம் தழைப்பதற்கும் இன்றியமையாததாக இருக்கிறது.

விதையின் கதை வேறு. விதையில் இருப்பது முளைக்கும் கன்றுக்கான எரிபொருள் சேமிப்பு. அங்கே பசுங்கணிகச் சவ்வின் தேவை இல்லை. ஆகவே பெரும்பாலான எண்ணெய் வித்துகளில் ஒலெயிக், லினோலெயிக் அமிலங்களே மேலோங்கி, ஆல்பா லினோலெனிக் அமிலம் பெயருக்கு மட்டும் இருக்கும். ஆளி விதையும் சியா விதையும் விதிவிலக்குகள். எள்ளும் நிலக்கடலையும் சூரியகாந்தியும் அந்த விலக்கில் சேராதவை. நம் சமையலறையைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

எலியின் வாலில் தொடங்கிய கண்டுபிடிப்பு

கொழுப்பு வெறும் கலோரிதான், அதைச் சோற்றாலோ சர்க்கரையாலோ ஈடுகட்டிவிடலாம் என்ற கருத்தே 1920-களின் இறுதிவரை சத்துணவியலில் கோலோச்சியது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பு அறவே நீக்கிய உணவைக் கொடுத்து வளர்த்தனர். தூய சர்க்கரை, கொழுப்பு நீக்கிய கேசின் புரதம், உப்புகள், அப்போது அறியப்பட்ட வைட்டமின்கள் எல்லாம் அதில் இருந்தன. சில மாதங்களில் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் பழுதடைந்து சிறுநீரில் இரத்தம் கலந்தது, பெண் எலிகளின் சினை ஒழுங்கு கெட்டது. எலிகள் மிகுதியாகத் தண்ணீர் குடித்தும் அதற்கேற்பச் சிறுநீர் கழியவில்லை என்பதையும் அவர்கள் கவனித்தனர். 1929-இல் இதை வெளியிட்டு, அடுத்த ஆண்டே லினோலெயிக் அமிலத்தைச் சிறு அளவில் கொடுத்தால் எலிகள் தேறுகின்றன, நிறைவுற்ற கொழுப்பைக் கொடுத்தால் தேறுவதில்லை என்றும் காட்டினர். இன்றியமையாக் கொழுப்பு அமிலம் என்ற பெயர் இந்த ஆய்விலிருந்தே வழக்கத்துக்கு வந்தது.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. பர் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் ஆறு மாதங்கள் கொழுப்பு மிகக் குறைந்த உணவையே உண்டு தம்மையே சோதித்துக்கொண்டார். 1938-இல் வெளிவந்த அந்த முடிவில் தோல் நோய் எதுவும் பதிவாகவில்லை. மாறாக அவருக்கிருந்த ஒற்றைத் தலைவலி நின்றுபோயிருந்தது. வளர்ந்த மனிதருக்கு இது தேவையில்லை போலும் என்று பலர் எண்ணிவிட்டனர். அவர்கள் கணக்கில் கொள்ளாதது சேமிப்பு. வளர்ந்தவரின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ லினோலெயிக் அமிலமாக இருக்கும். பத்துக் கிலோ கொழுப்பு உள்ளவரிடம் ஒரு கிலோ கையிருப்பு. ஆறு மாதத்தில் அது தீராது. சேமிப்பே இல்லாத கைக்குழந்தைகளிடம்தான் உண்மை வெளிப்பட்டது. ஆரில்ட் ஹான்சென் குழுவினர் 428 குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவு லினோலெயிக் அமிலம் கொண்ட பாலுணவுகளைக் கொடுத்துப் பார்த்து 1963-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த அமிலம் மிகக் குறைந்திருந்த பாலுணவைக் குடித்த குழந்தைகளின் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. இன்றைய ஆய்வு நெறிகள் இத்தகைய சோதனையை அனுமதிக்கமாட்டா.

ஒமேகா-3 தனியாகத் தேவை என்பது அதற்கும் பிந்தித் தெளிவானது. துப்பாக்கிக் குண்டால் வயிற்றில் காயம்பட்டுக் குடலின் ஒரு பகுதியை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மாதக்கணக்கில் நரம்பு வழியாகவே ஊட்டம் செலுத்த வேண்டியிருந்தது. அதிலிருந்த கொழுப்பு, குசும்பா எண்ணெய்க் குழம்பு; லினோலெயிக் அமிலம் ஏராளம், ஆல்பா லினோலெனிக் அமிலம் மிகச் சொற்பம். ஐந்து மாதங்களில் கைகால் மரத்துப்போதல், நடக்க இயலாமை, கால் வலி, பார்வை மங்கல் ஆகியவை தோன்றின. இரண்டு அமிலங்களும் உள்ள சோயா எண்ணெய்க் குழம்புக்கு மாற்றியதும் அக்குறிகள் மறைந்தன. ரால்ஃப் ஹோல்மன் உள்ளிட்டோர் இதை 1982-இல் பதிவு செய்தனர். ஒரே ஒரு நோயாளியின் கதைதான். அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு குடும்பத்தின் குறையை மற்றொரு குடும்பம் தீர்க்காது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை.

உடலுக்குள் இவை செய்வது

லினோலெயிக் அமிலத்தின் முதல் வேலை தோலில். தோலின் மேலடுக்கில் செல்களுக்கிடையே சாந்துபோல் பூசியிருக்கும் செராமைடு என்னும் கொழுப்புகளில் ஒருவகை, லினோலெயிக் அமிலத்தைத் தன் உறுப்பாகக் கொண்டது. வேறொரு கொழுப்பு அமிலம் அந்த இடத்தில் அமர்ந்தால் சாந்து கசிகிறது, உடலின் நீர் தோல் வழியே ஆவியாகிவிடுகிறது. பர் தம்பதியரின் எலிகள் குடித்த தண்ணீர் போன வழி இதுதான். தோலின் மேல் பூசினாலும் இந்த அமிலம் உள்ளே சேரும். வங்கதேசத்தின் டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் உடலில் சூரியகாந்தி எண்ணெயைப் பூசிப் பார்த்த சோதனை 2005-இல் வெளிவந்தது. பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய் 41 விழுக்காடு குறைந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை முழுமையாக ஆதரிக்கவோ மறுக்கவோ இந்த ஒரு சோதனையைச் சான்றாக்குவது பொருந்தாது. சோதிக்கப்பட்டது குறைமாதக் குழந்தைகளிடம், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

இரண்டாவது வேலை, நீண்ட சங்கிலிகளுக்கு மூலப்பொருளாக இருப்பது. உடல் லினோலெயிக் அமிலத்தை நீட்டி, மேலும் பிணைப்புகள் சேர்த்து, அரக்கிடோனிக் அமிலமாக்குகிறது. அதிலிருந்து காய்ச்சல், வலி, வீக்கம், இரத்தம் உறைதல், கருப்பைச் சுருக்கம் ஆகியவற்றை இயக்கும் புராஸ்டாகிளாண்டின் முதலிய சமிக்ஞைப் பொருள்கள் உருவாகின்றன. ஆஸ்பிரின் மாத்திரை வேலை செய்வது இந்த உற்பத்தியை மறிப்பதால்தான். அதைக் கண்டறிந்த ஜான் வேன், புராஸ்டாகிளாண்டின்களைப் பற்றி ஆராய்ந்த சூனே பெரிஸ்ட்ரோம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோருடன் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

ஆல்பா லினோலெனிக் அமிலமும் அதே நொதிகளின் வழியே நீண்டு, இபிஏ, டிஎச்ஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இரு ஒமேகா-3 அமிலங்களாகிறது. டிஎச்ஏ மூளையின் செல் சவ்வுகளிலும் கண்ணின் விழித்திரையிலும் செறிந்திருக்கிறது. கருவின் கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் மூளை அதை வேகமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் இந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கும். உண்ணும் ஆல்பா லினோலெனிக் அமிலத்தில் நூற்றுக்குச் சில பங்கே இபிஏ ஆகிறது. டிஎச்ஏ ஆவது பெரும்பாலோரிடம் ஒரு பங்குக்கும் கீழ். ஈஸ்ட்ரோஜனின் துணையால் பெண்களிடம் இது சற்றுக் கூடுதல். பூனைக்கோ முதற்படி நொதியே போதிய அளவு இல்லை. அதனால் அரக்கிடோனிக் அமிலமும் பூனைக்கு இன்றியமையாததாகி, மாமிசம் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை.

நம் எண்ணெய்ச் சட்டியின் கணக்கு

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2008-இல் கூட்டிய வல்லுநர் குழுவின்படி, நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் குறைந்தது இரண்டரை விழுக்காடு லினோலெயிக் அமிலத்திலிருந்தும், அரை விழுக்காடு ஆல்பா லினோலெனிக் அமிலத்திலிருந்தும் வர வேண்டும். நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு இது முறையே சுமார் ஐந்தரை கிராமும் ஒரு கிராமுக்குச் சற்று மேலும் ஆகிறது.

இப்போது சமையலறைக்கு வருவோம். ஒருவர் ஒரு நாளில் 20 கிராம் எண்ணெய் உண்பதாகக் கொள்வோம். பழைய இரகச் சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ 60 விழுக்காடு லினோலெயிக் அமிலம் என்பதால் அதிலிருந்து மட்டும் 12 கிராம் வந்துவிடுகிறது. நல்லெண்ணெயில் சுமார் 40 விழுக்காடு, ஆகவே 8 கிராம். கடலை எண்ணெயில் இரகத்துக்கேற்ப 20 முதல் 35 விழுக்காடுவரை. நடுத்தரமாகக் கொண்டால் ஐந்தரை கிராம். ரேஷன் பாமாயிலில் சுமார் 10 விழுக்காடு, 2 கிராம். தேங்காய் எண்ணெயில் இரண்டே விழுக்காடு, அரை கிராமுக்கும் குறைவு. தேங்காய் எண்ணெயில் மட்டுமே சமைப்போருக்கும் தோல் உரிந்துவிடுவதில்லை; ஏனெனில் அரிசி, பருப்பு, கடலை, முட்டை, மீன் என எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக லினோலெயிக் அமிலம் இருக்கிறது. ஆகவே ஒமேகா-6 நமக்குப் பெரிய கவலையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஐந்து எண்ணெய்களையும் மறுபடி வரிசையில் நிறுத்தி ஆல்பா லினோலெனிக் அமிலம் எவ்வளவு என்று பாருங்கள்: எல்லாவற்றிலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா என்று நாம் நடத்தும் நெடிய வாதங்கள் இந்த இடத்தில் பயனற்றுப் போகின்றன. எள்ளில் இல்லாததைச் செக்கு கொண்டுவந்துவிடாது. வங்காளிகளின் கடுகு எண்ணெயில் சுமார் 10 விழுக்காடும், சோயா எண்ணெயில் சுமார் 7 விழுக்காடும் இருப்பதால் அவற்றை உண்போருக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. நமக்கு அது எண்ணெய்ச் சட்டிக்கு வெளியிலிருந்து வர வேண்டும்.

அப்படி வரும் வழிகளில் முதலாவது கீரை. பருப்புக்கீரையின் நூறு கிராம் பச்சை இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் ஆல்பா லினோலெனிக் அமிலம் இருப்பது அளக்கப்பட்டிருக்கிறது. தரையோடு படர்ந்து வளரும் இதை வயலில் களையென்று பிடுங்கி எறிவோரே மிகுதி. கிரேக்க நாட்டில் வெளியில் மேய்ந்து இந்தக் கீரையையும் கொத்தித் தின்ற கோழிகளின் முட்டையில், பண்ணைத் தீவனம் தின்ற அமெரிக்கக் கோழிகளின் முட்டையைக் காட்டிலும் ஒமேகா-3 பன்மடங்கு இருந்ததை ஆர்ட்டெமிஸ் சிமோபோலஸ் 1989-இல் எடுத்துக்காட்டினார். முருங்கைக்கீரையின் கொழுப்பிலும் இந்த அமிலமே முதலிடம் வகிக்கிறது. பலரும் எதிர்பாராத மற்றொரு மூலம் உளுந்து. பருப்பு வகைகளில் கொழுப்பு மிகக் குறைவுதான். ஆனால் உளுந்தின் சிறிதளவு கொழுப்பில் பெரும்பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலம். இட்லியும் களியும் வடையும் உண்ணும் நாட்டில் இது சிறு செய்தியன்று. ராஜ்மாவும் தட்டைப்பயறும் இதே வரிசையில் வரும்.

ஆளி விதை எல்லாவற்றிலும் செறிவு மிக்கது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில், ஏறத்தாழ ஏழு கிராமில், ஒன்றரை கிராம் கிடைத்துவிடும். தமிழகத்தில் இதைப் பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடைச் சரக்காகவே அறிந்திருந்தோம். வட கர்நாடகத்தில் அகசி என்றும் மராத்தியர் வீடுகளில் ஜவஸ் என்றும் வழங்கும் இதே விதையை மிளகாய், பூண்டு, உப்புடன் இடித்துச் சட்னிப்பொடியாக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது வழக்கம். நம் இட்லிப் பொடிக்கு அண்ணன் தம்பி உறவுதான்.

மீனும் மாத்திரையும்

மீன் உண்போருக்கு ஆல்பா லினோலெனிக் அமிலத்தை நீட்டி மாற்றிக்கொள்ளும் தொல்லை இல்லை. மத்தி, அயலை, நெத்திலி போன்ற கொழுப்பு மிகுந்த கடல் மீன்கள் இபிஏ, டிஎச்ஏ அமிலங்களை ஆயத்தமாகவே தருகின்றன. அவற்றை மூலத்தில் செய்பவை கடலின் நுண்பாசிகள். பாசியைத் தின்ற சிற்றுயிர்களைத் தின்று மீன் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பாசியையே தொட்டியில் வளர்த்து எடுக்கும் எண்ணெய் சைவ உணவினருக்காகச் சந்தையில் இருக்கிறது. மேற்சொன்ன வல்லுநர் குழு வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து 250 மில்லிகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 300 மில்லிகிராமும் பரிந்துரைக்கிறது. விலை மிகுந்த வஞ்சிரத்தைத் தேடி ஓட வேண்டாம். மலிவான மத்தியே இதில் முன்னிற்கிறது.

மாத்திரை விளம்பரங்கள் சொல்வதை மட்டும் சற்று நிதானித்தே கேட்க வேண்டும். 25,871 பேரிடம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட வைட்டல் என்னும் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தோருக்குத் தூய இபிஏ நான்கு கிராம் கொடுத்த வேறோர் ஆய்வில் அத்தகைய இதய நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. இபிஏ, டிஎச்ஏ கலவையை அதே அளவில் கொடுத்து 2020-இல் முடிந்த மூன்றாவது ஆய்வில் பயன் தெரியவில்லை. பெரிய அளவுகளில் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும் வாய்ப்பு கூடியதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே இவை மருத்துவர் சொல்லி உட்கொள்ள வேண்டியவை.

ஒமேகா-6 உடலில் அழற்சியை மூட்டுகிறது, ஆகவே விதை எண்ணெய்கள் எல்லாம் நஞ்சு என்ற பேச்சும் பரவியிருக்கிறது. இரு குடும்பங்களும் ஒரே நொதிகளுக்காகப் போட்டியிடுவது உண்மை; அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சிச் சமிக்ஞைகள் பிறப்பதும் உண்மை. ஆனால் உணவில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிச் செய்த சோதனைகளில் திசுக்களின் அரக்கிடோனிக் அமிலமோ இரத்தத்தின் அழற்சிக் குறிகளோ அதற்கேற்ப உயர்ந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் போதிய அளவில் கிடைக்கும்போது இன்ன விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று வரையறுக்க அடிப்படை இல்லை என்பதே 2008 குழுவின் முடிவு. குறைந்திருக்கும் ஒமேகா-3-ஐக் கூட்டுவதில் செலுத்த வேண்டிய கவனத்தை நல்லெண்ணெயைத் திட்டுவதில் செலவழிப்பது வீண் என்றே இதை எழுதுபவர் கருதுகிறார்.

காற்றும் வெப்பமும்

இரட்டைப் பிணைப்பு மிகுந்த கொழுப்பு அமிலம் காற்றின் ஆக்ஸிஜனுடன் எளிதில் வினைபுரியும். ஒலெயிக் அமிலத்தைக் காட்டிலும் லினோலெயிக் அமிலம் பத்து மடங்கு வேகத்திலும், ஆல்பா லினோலெனிக் அமிலம் இருபது மடங்குக்கும் மேலான வேகத்திலும் கெடுகின்றன. கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய், ஆளி விதை எண்ணெயே. காற்றுப்பட்டு இறுகி மரத்தின்மேல் மெல்லிய படலமாவதால்தான் அதைப் பூசுகிறார்கள், ஓவியர் வண்ணம் குழைப்பதும் அதற்காகவே. மட்டைக்கு நல்லதான இந்தக் குணம் வாணலிக்கு ஆகாது. ஆளி எண்ணெயில் பொரிப்பதும் தாளிப்பதும் தவறு. நல்லெண்ணெய் அதன் லினோலெயிக் அளவைப் பார்த்தால் விரைவில் சிக்கெடுத்துப் போக வேண்டியது. ஆனால் எள்ளுக்கே உரிய செசமால் முதலிய பொருள்கள் அதைக் காத்து நிற்கின்றன.

கெடாமல் வைத்திருப்பதற்காகவே தொழிற்சாலைகள் ஹைட்ரஜனை ஏற்றி வனஸ்பதி செய்தன. அதில் இரட்டைப் பிணைப்புகள் மறைந்தோ திரும்பியோ போவதால் இன்றியமையா அமிலங்கள் அழிவதோடு, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பும் சேர்ந்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் அதன் அளவு 2022 முதல் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் கடினமான தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிடும், பொடித்தால்தான் பயன். பொடித்த கணத்திலிருந்து காற்று வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இலேசாக வறுத்து அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். கெட்டதா என்று அறிய மூக்கே போதும்: புதுப் பொடியில் கடலைபோன்ற மணம் இருக்கும்; பழையதில் புதிதாகப் பெயின்ட் அடித்த அறையின் வாடை வரும். கீரை ஆயும்போது எழுந்ததும் இந்த அமிலத்தின் துண்டுகளே. அங்கே நொதி வெட்டியது, இங்கே காற்று வெட்டியது; இந்த வாடை வந்தால் பொடியைக் கொட்டிவிட வேண்டும்.